வயிற்றில் விரிந்து பின் சிதையும் மருந்துக் கருவிகள்: வடிவ நினைவுப் பொருட்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேப்சூலைப் போல விழுங்கப்பட்டு, வயிற்றுக்குள் விரிந்து, சில நாட்கள் அங்கேயே தங்கி மருந்தைக் கொடுத்துவிட்டு, பிறகு தானாகச் சிதைந்து வெளியேறும் கருவிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், மருந்தியல் மாணவர்களும் மருத்துவர்களும் பொறியாளர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களையே எழுப்புகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலோர் விரிவதைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். உண்மையில் கடினமானது வெளியேறுவதுதான் என்பதால், அதைப் பற்றிய விடைகள் சற்று நீண்டிருக்கின்றன.

1. பொருளுக்கு எப்படி நினைவு இருக்க முடியும்? வடிவ நினைவு என்று எதைச் சொல்கிறார்கள்?

நினைவு என்பது இங்கே ஓர் உவமைதான். பாலிமர் என்பது மிக நீண்ட மூலக்கூறு இழைகளின் பின்னல். அந்தப் பின்னலில் சில இடங்களில் இழைகள் அவிழாதபடி ஒன்றோடொன்று கட்டுண்டிருக்கும். பொருளின் மூல வடிவத்தைக் காப்பவை அந்தக் கட்டுகளே. கட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளோ ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் தளர்ந்தும் அதற்குக் கீழ் உறைந்தும் இருக்கும்.

பொருளைச் சூடாக்கி, மடித்து, மடித்த நிலையிலேயே குளிர வைத்தால், இடைப்பகுதிகள் உறைந்து அந்த மடிப்பைப் பிடித்துக்கொள்கின்றன. இது தற்காலிக வடிவம். மீண்டும் சூடேறும்போது உறைவு நீங்க, வலிந்து நீட்டப்பட்டிருந்த இழைகள் தமக்கு இயல்பான சுருண்ட நிலைக்குத் திரும்ப, பொருள் முழுவதும் மூல வடிவத்துக்கு வந்துவிடுகிறது. சூடுபட்டதும் கம்பியைச் சுற்றி இறுகிக்கொள்ளும் மின்காப்புக் குழாய் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

2. ரப்பரை மடித்துக் கேப்சூலுக்குள் அடைத்தாலும் வெளியே வந்ததும் விரியத்தானே செய்யும்? இதில் புதிதாக என்ன இருக்கிறது?

நியாயமான கேள்வி. மீள்தன்மை மட்டுமே உள்ள பொருளும் விரியும்; இத்துறையில் மிகவும் பேசப்பட்ட கருவியே அப்படிப்பட்டதுதான். 2016ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆறு கை நட்சத்திரக் கருவியில் நடுவே ரப்பர் போன்ற மீள்பொருளும், கைகளில் மருந்து கலந்த பாலிகாப்ரோலாக்டோன் என்ற, உடலில் மெல்லச் சிதையும் பாலிமரும் இருந்தன. அதை மடித்துக் கேப்சூலில் அடைத்தார்கள். கேப்சூல் கரைந்ததும் அது வில்லைப் போல விரிந்து, பன்றிகளின் இரைப்பையில் 14 நாட்கள் வரை தங்கி ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணிக் கொல்லி மருந்தை வெளியிட்டது. பல கட்டுரைகள் இதையும் வடிவ நினைவுப் பட்டியலில் சேர்த்துவிடுகின்றன. கறாராகச் சொன்னால் அது சேராது.

வேறுபாடு மடிப்பைப் பிடித்துவைப்பது எது என்பதில் இருக்கிறது. மீள்பொருளில் கேப்சூலின் சுவர்தான் மடிப்பைப் பிடித்திருக்கிறது. உள்ளே எந்நேரமும் விசை அழுத்திக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் அப்படி மடிந்து கிடக்கும் பொருள் மெல்ல மெல்ல அந்த மடிப்புக்கே பணிந்துபோய், விழுங்கும் நாளில் அரைகுறையாகத்தான் விரியக்கூடும். வடிவ நினைவுப் பொருளில் மடிப்பைப் பொருளே பிடித்துக்கொள்கிறது. விசை உறைந்து கிடப்பதால் கேப்சூல் சுவரின் மீது அழுத்தம் குறைவு. ஆகவே அடைப்பதும் சேமிப்பதும் எளிது. அதற்கு ஈடாக விரியும் வேகமும் விரிக்கும் விசையும் குறைகின்றன.

3. சாதாரண மாத்திரையே போதாதா? எதற்காக வயிற்றில் ஒரு கருவியைத் தங்க வைக்க வேண்டும்?

ஒரு காரணம் உடலின் போக்குவரத்து. வெறும் வயிற்றில் ஏறத்தாழ 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறை இரைப்பையைத் துடைத்தெடுப்பது போன்ற வலுவான தசை அலை எழுந்து, மிச்சம் கிடப்பதையெல்லாம் சிறுகுடலுக்குத் தள்ளிவிடுகிறது. சிறுகுடலைக் கடக்கும் நேரம் பெரும்பாலும் 3 முதல் 4 மணி. பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா, சிறுநீரைப் பெருக்கும் ஃப்யூரோசமைடு போன்ற சில மருந்துகள் சிறுகுடலின் மேற்பகுதியிலேயே நன்றாக உறிஞ்சப்படுகின்றன. அந்த இடத்தைத் தாண்டிவிட்டால், மாத்திரை எவ்வளவு மெதுவாகக் கரைந்தாலும் பயன் குறைவு. எனவே மாத்திரையை மெதுவாக்குவதோடு நில்லாமல், அதன் பயணத்தையே நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது.

மற்றொரு காரணம் மனித இயல்பு. வளர்ந்த நாடுகளில் நாட்பட்ட நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேரே மருந்தைச் சொன்னபடி உட்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார அமைப்பு 2003ல் வெளியிட்ட அறிக்கை கூறியது. தினமும் ஒன்று என்பதை வாரம் ஒன்று என்று மாற்ற முடிந்தால் மறதிக்கான வாய்ப்புகள் குறையும். கருவி விரியும் விந்தையைக் காட்டிலும் இந்தக் காரணமே இத்துறைக்கு முதலீட்டைக் கொண்டுவந்தது என்பது என் கணிப்பு.

4. விரிந்தால் மட்டும் எப்படி வயிற்றில் தங்கிவிடும்?

இரைப்பையின் கீழ்வாயிலான பைலோரஸ் சராசரியாக 12 அல்லது 13 மில்லிமீட்டர் அகலமே கொண்டது. விரிந்த கருவி அதைவிடப் போதிய அளவு பெரிதாகவும், தசை அலை கசக்கும்போது எளிதில் மடியாத விறைப்புடனும் இருந்தால் வெளியேறாது. இதில் வடிவத்துக்குப் பெரும் பங்குண்டு. 1988ல் நாய்களில் நடந்த ஆய்வொன்று, வளையம், நான்முகி போன்ற வடிவங்கள் அதே பொருளாலான குண்டு, கம்பி போன்றவற்றைவிட நெடுநேரம் தங்குவதைக் காட்டியது.

ஆனால் விறைப்பு மிகுந்தால் இரைப்பையின் சுவரை உறுத்திப் புண்ணாக்கும். குறைந்தால் கருவி சுருண்டு நழுவிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி குறுகலானது.

5. நிட்டினால் என்ற உலோகத்துக்கும் வடிவ நினைவு உண்டே? அதையே பயன்படுத்தினால் என்ன?

நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த அந்தக் கலவையின் விரிக்கும் அழுத்தம் நூற்றுக்கணக்கான மெகாபாஸ்கலை (அழுத்தத்தின் அலகு) எட்டும். பாலிமரில் அது பொதுவாக ஒற்றை இலக்க மெகாபாஸ்கலோ அதற்கும் கீழோதான். ஆயினும் உலோகம் சுமார் 8 விழுக்காடு உருமாற்றத்தையே மீட்டெடுக்கும். பாலிமர் சில நூறு விழுக்காடு வரை நீண்டும் மடிந்தும் திரும்ப வரும். பெரிய வடிவத்தைச் சிறிய கேப்சூலுக்குள் அடைக்க வேண்டிய இடத்தில் இது முக்கியம்.

இதைவிட முக்கியமானது, நிட்டினால் சிதையாது என்பது. 2019ல் காசநோய் மருந்துகளைக் கிராம் கணக்கில் கொடுப்பதற்காக நிட்டினால் கம்பிச் சுருளைக் கொண்டு ஒரு கருவி செய்து பன்றிகளில் சோதித்தார்கள். அதை மூக்கு வழிக் குழாய் மூலம் செலுத்தி, வேலை முடிந்ததும் காந்தத்தின் துணையோடு குழாய் வழியாகவே திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. ஒருவர் வீட்டிலேயே விழுங்கிவிட்டு மறந்துவிடக்கூடிய கருவிக்கு இந்த வழி பொருந்தாது.

6. அப்படியென்றால் எந்தப் பொருட்களைப் பயன்படுத்துகிறார்கள்?

இத்துறைக்கு அடித்தளமிட்டது 2002ல் ஆந்திரியாஸ் லெண்ட்லைன், ராபர்ட் லாங்கர் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு. காப்ரோலாக்டோன் துண்டுகளையும் டையாக்சனோன் துண்டுகளையும் மாற்றி மாற்றிக் கோத்து அவர்கள் உருவாக்கிய பாலிமர் இழையைத் தளர்வான முடிச்சாகப் போட்டு 40 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கியபோது, 20 நொடிகளில் முடிச்சு தானாகவே இறுகியது. அது காயம் தைக்கும் இழைக்கான எண்ணம்; வாய்வழிக் கருவிக்கானது அன்று. உடல் வெப்பத்தை ஒட்டி இயங்கக்கூடியதும் உடலில் சிதையக்கூடியதுமான வடிவ நினைவுப் பொருள் சாத்தியம் என்பதை அது காட்டியது.

இன்று பரவலாகக் கையாளப்படுபவை பாலிகாப்ரோலாக்டோன், பாலிலாக்டிக் அமிலம், லாக்டிக்–கிளைகாலிக் அமிலங்களின் கூட்டுப் பாலிமர் ஆகியவையும், இவற்றின் துண்டுகளைக் கொண்ட பாலியூரித்தேன்களும். இவற்றில் எதையும் அப்படியே எடுத்துப் பயன்படுத்திவிட முடியாது. எடுத்துக்காட்டாக, பாலிகாப்ரோலாக்டோன் ஏறத்தாழ 60 பாகையில்தான் உருகும். அதை உடல் வெப்பத்துக்கு இறக்கிக் கொண்டுவர, இழைகளைக் குட்டையாக்கிக் குறுக்குப் பிணைப்பு போட வேண்டும் அல்லது வேறொரு அலகைக் கலக்க வேண்டும்.

7. 37 பாகையில் விரியும் பொருள், வெப்பமான கிடங்கிலேயே விரிந்துவிடாதா?

விரியும். வெப்பத்தை மட்டுமே தூண்டுதலாக நம்பும் வடிவமைப்பின் பெரிய பலவீனம் இதுதான். மருந்துகளின் நிலைத்தன்மையைச் சோதிக்கும் பன்னாட்டு நெறிமுறைப்படி, விரைவுச் சோதனையில் பொருள் 40 பாகையிலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் 6 மாதங்கள் இருக்க வேண்டும். 37 பாகையில் இயங்கும் கருவி அந்த அறைக்குள் நுழைந்த நாளிலேயே உறைவு நீங்கித் தளர்ந்துவிடும். தளர்ந்த பின் கேப்சூலின் சுவர்தான் அதைப் பிடித்திருக்கும். அதாவது, 2ஆம் விடையில் சொன்ன ரப்பரின் சிக்கல் இங்கும் வந்துவிடுகிறது.

நல்ல தீர்வு நீரைத் தூண்டுதலாகக் கொள்வது. உலர்ந்த நிலையில் பொருளின் தளர்வு வெப்பநிலை உடல் வெப்பத்தைவிட மேலே இருக்கும். நீர் உள்ளே ஊறியதும் அது இழைகளுக்கு இடையே புகுந்து நெகிழ்வூட்டியாகச் செயல்பட்டு, அந்த வெப்பநிலையை உடல் வெப்பத்துக்குக் கீழே இறக்கிவிடும். லாக்டிக்–கிளைகாலிக் கூட்டுப் பாலிமர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: உலர்ந்தபோது அதன் தளர்வு வெப்பநிலை (கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்பார்கள்) சுமார் 45 முதல் 55 பாகை, நனைந்தால் உடல் வெப்பத்தின் அருகிலோ அதற்குக் கீழோ வந்துவிடும். ஆகவே இத்தகைய கருவிக்கு வெப்பத்தைவிட ஈரமே பெரிய பகை. கசியாத உறையும் உறைக்குள் ஈர உறிஞ்சியும் கருவியின் பகுதிகளாகவே கருதப்பட வேண்டும்.

8. சூடான பானத்தோடு விழுங்கினால்? குளிர்ந்த நீரோடு விழுங்கினால்?

வெப்பத்தால் இயங்கும் கருவியை மிகச் சூடான பானத்தோடு விழுங்கக் கூடாது. கேப்சூலின் ஓடு கரைவதும் உள்ளே உறைவு நீங்குவதும் ஒரே நேரத்தில் விரைவுபடும். குளிர்ந்த நீர் விரிவதைச் சற்றே தாமதப்படுத்தும். இரைப்பை விரைவிலேயே தன் வெப்பநிலைக்குத் திரும்பிவிடும் என்பதால் அது பொருட்டன்று. நீரால் இயங்கும் கருவிக்கு இந்த வேறுபாடு மேலும் குறைவு.

9. உணவுக்குழாயிலேயே விரிந்துவிட்டால் என்ன ஆகும்?

இத்துறையில் இருப்பவர்கள் அஞ்ச வேண்டிய விபத்து இதுதான். உணவுக்குழாயில் சிக்கி விரிந்த கருவி அவசர நிலையை உண்டாக்கும். எனவே விழுங்கியது முதல் விரியத் தொடங்குவது வரை உறுதியான ஒரு தாமதம் தேவை. ஜெலட்டின் கேப்சூல் சில நிமிடங்களில் கரையும்; வழக்கமாக இந்த அவகாசம் போதும். ஆனால் போதிய நீரில்லாமல் விழுங்கினாலோ, படுத்தபடி விழுங்கினாலோ கேப்சூல் உணவுக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரையலாம்.

இங்கே வடிவ நினைவுப் பொருளின் மந்தம் ஒரு நன்மையாகிறது. மீள்பொருள் ஓடு கரைந்த கணமே விரியும். நீர் ஊறி விரியும் பொருளுக்கோ மேலும் பல நிமிடங்கள் பிடிக்கும். மெதுவாக விரிகிறது என்று குறைபட்டுக்கொள்ளும் ஆய்வறிக்கைகளைப் படிக்கும்போது, அந்த மந்தத்தை ஏன் போக்க முயல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

10. சிதைவதும் கரைவதும் ஒன்றுதானே?

இல்லை, இந்தக் குழப்பம் ஆய்வறிக்கைகளிலேயே காணப்படுகிறது. சிதைவு என்றால் நீராலோ நொதியாலோ இழைகளின் வேதிப் பிணைப்புகள் அறுபட்டு, நீண்ட மூலக்கூறு சிறு மூலக்கூறுகளாவது. கரைவு என்றால் பிணைப்பு எதுவும் அறாமல் முழு மூலக்கூறுகளே நீரில் பிரிந்து போவது. பாலிலாக்டிக் அமிலம் சிதையும். பாலிவினைல் ஆல்கஹால் கரையும். மிலான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ல் இரைப்பையில் தங்கும் கருவிக்கான முன்மாதிரிகளைப் பாலிவினைல் ஆல்கஹாலில் செய்தார்கள். 7ஆம் விடையில் சொன்ன நீர்த் தூண்டுதல் முறையிலேயே அவை விரிந்தன. அவற்றை உயிரிச்சிதைவுப் பொருள் என்பதைவிடக் கரையும் பொருள் என்பதே சரி.

மூன்றாவதாக அரிப்பு என்றொன்று உண்டு: பொருளின் நிறை குறைவது. இது சிதைவாலும் நேரலாம், கரைவாலும் நேரலாம். ஒரு கருவி எத்தனை நாளில் சிதையும் என்று யாராவது சொன்னால், இந்த மூன்றில் எதை அளந்தார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.

11. பாலிகாப்ரோலாக்டோன் சிதைய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்கிறார்கள். அதை ஒரு வாரத்துக்கான கருவியில் வைப்பது முரண் இல்லையா?

முரண் போலத் தோன்றுவது சரியே. இந்தத் துறையின் மையச் சிக்கலும் இதுவே. உணவுப் பாதையின் நேரக் கணக்கு மணிகளிலும் நாட்களிலும் இருக்க, நன்கறியப்பட்ட பாலியெஸ்டர்களின் சிதைவுக் கணக்கு வாரங்களிலும் ஆண்டுகளிலும் இருக்கிறது. விரைவாகச் சிதையும் சம விகித லாக்டிக்–கிளைகாலிக் கூட்டுப் பாலிமருக்கே ஒன்றிரண்டு மாதங்கள் ஆகும். ஆகவே கருவி முழுவதும் வயிற்றிலேயே சிதைந்து மறைந்துவிடும் என்ற படம் பெரும்பாலும் உண்மையன்று.

நடைமுறையில் செய்வது வேறு. கருவியின் கைகள் சிதைய வேண்டியதில்லை. கைகளை இணைக்கும் மூட்டுகள் மட்டும் குறித்த காலத்தில் வலுவிழந்தால் போதும். மூட்டுகள் விடுபட்டதும் ஒவ்வொரு கையும் பைலோரஸைத் தாண்டக்கூடிய சிறு துண்டாகிவிடும். குடல் வழியே சென்று மலத்தோடு வெளியேறும். சிதைவுறும் பொருளைப் பயன்படுத்துவதற்கு இரண்டு காரணங்கள் எஞ்சுகின்றன: ஏதேனும் ஒரு துண்டு உள்ளே சிக்கிக்கொண்டாலும் அது நிரந்தரமாகக் கிடக்காது என்ற காப்பு, வெளியேறிய பின் கழிவுநீரில் என்றென்றும் நிலைக்கும் நெகிழித் துகளாக மாறாதிருத்தல்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். மூட்டின் வலுவிழப்பு எல்லோருடைய வயிற்றிலும் ஒரே நாளில் நேர வேண்டும். ஆனால் ஒருவருடைய இரைப்பையின் அமிலத்தன்மை, உணவுப் பழக்கம், தசை அலைகளின் வலு ஆகியவை மற்றவருடையதைப் போல் இருப்பதில்லை. விரிவதற்கான நேரத்தில் பத்து நிமிடம் முன்பின்னாக இருந்தால் ஒன்றுமில்லை. வெளியேறும் நேரம் இரண்டு நாள் முந்தினால் மருந்து போதாமல் போகும். பல நாள் பிந்தினால் அடுத்த வாரத்துக் கருவி உள்ளே வந்து சேரும்போது முந்தையதும் அங்கேயே இருக்கும்.

12. கருவி தவறிப்போய் முழுதாகச் சிறுகுடலுக்குள் நுழைந்துவிட்டால் அடைத்துக்கொள்ளாதா?

அதைத் தடுக்கத்தான் இரண்டாவது வகை மூட்டு வைக்கிறார்கள். இரைப்பையில் அமிலம் மிகுதி. அமில-காரத் தன்மையின் குறியீடான பிஎச் (எண் குறைந்தால் அமிலம் மிகுதி) 1 முதல் 3 வரை இருக்கும். சிறுகுடலில் அது 6க்கு மேல். மாத்திரைகளுக்கு வெகுகாலமாகக் குடல் பூச்சாகப் பயன்பட்டுவரும் மெதாக்ரைலிக் அமிலப் பாலிமர் ஒன்று பிஎச் 5.5க்கு மேல் கரையும். அதையொத்த பொருளால் ஆன மூட்டு, இரைப்பையில் உறுதியாக நின்று, சிறுகுடலுக்குள் நுழைந்ததும் விரைந்து அவிழும். 2015ல் இந்தப் பண்போடு ரப்பரின் மீள்தன்மையும் சேர்ந்த பொருள் ஒன்றை உருவாக்கிப் பன்றிகளில் காட்டினார்கள். காலத்தால் அறும் மூட்டும், இடத்தால் அறும் மூட்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் கொண்ட வடிவமைப்பைக் கண்டால் நான் தயங்குவேன்.

13. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த மூட்டு வயிற்றிலேயே அவிழ்ந்துவிடாதா?

அவிழக்கூடும். ஒமெப்ரசோல் போன்ற மருந்துகள் இரைப்பையின் பிஎச் அளவை நாளின் பெரும்பகுதிக்கு 4க்கு மேல் வைத்திருக்கக்கூடியவை. நிறைய உணவு உண்ட பின்னும் பிஎச் தற்காலிகமாக 5ஐ நெருங்கலாம். அவிழ்வெல்லை 5.5 என்றால் இடைவெளி மிகக் குறைவு. எல்லையை உயர்த்தினால் சிறுகுடலின் தொடக்கத்திலேயே அவிழ வேண்டிய மூட்டு தாமதிக்கும். நல்ல பக்கம் ஒன்று உண்டு: இங்கே நேரும் பிழை முன்கூட்டியே அவிழ்வதுதான், அடைத்துக்கொள்வது அன்று. மருந்தின் பயன் குறையும். ஆனால் ஆபத்து குறைவு.

14. சிதைந்து வரும் அமிலங்கள் வயிற்றைப் புண்ணாக்காதா?

அளவை வைத்துப் பார்த்தால் அச்சம் மிகை. பாலிலாக்டிக் அமிலம் தருவது லாக்டிக் அமிலம். மனித உடலே நாளொன்றுக்கு 100 கிராமுக்கு மேல் அதை உண்டாக்கிச் செலவழிக்கிறது. ஒரு கிராமுக்கும் குறைவான கருவி வாரக்கணக்கில் வெளியிடுவது அதன்முன் துளி. மேலும் இரைப்பை ஏற்கெனவே வலுவான அமிலத்தில் வாழும் உறுப்பு.

கவலைக்குரிய இடம் கருவியின் உள்ளேதான். தடித்த துண்டின் நடுவில் உண்டாகும் அமிலம் வெளியேற வழியின்றித் தேங்கி, சிதைவைத் தானே விரைவுபடுத்தும். வெளியே உறுதியாகத் தெரியும் கை, உள்ளே கூடாகியிருக்கலாம். அமிலத்தால் கெடும் மருந்து அங்கே இருந்தால் அதுவும் பாழாகும். பாலியூரித்தேன் வகைகளில், இணைப்பானாகச் சேர்க்கப்பட்ட வேதிப்பொருள் சிதைந்தால் என்னவாகும் என்று தனியே ஆராய வேண்டும். அரோமாட்டிக் (பென்சீன் போன்ற வளையம் கொண்ட) வகை இணைப்பான்கள் நச்சுள்ள அமீன்களைத் தரக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பதே வழக்கம்.

15. மருந்தைக் கலந்த பிறகும் பொருளின் வடிவ நினைவு அப்படியே இருக்குமா?

பெரும்பாலும் இராது. பாலிமரில் கரையும் மருந்து நெகிழ்வூட்டியாகச் செயல்பட்டுத் தளர்வு வெப்பநிலையை இறக்கும். கரையாத மருந்து துகள்களாக நின்று பொருளை விறைப்பாக்கி, மடிக்கும்போது விரிசலிட வைக்கும். போதாக்குறைக்கு, மருந்து வெளியேற வெளியேறப் பொருளின் இயல்பு நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருக்கும். மடிப்பை எவ்வளவு பிடித்துக்கொள்கிறது, எவ்வளவு மீட்டெடுக்கிறது என்ற இரண்டு விகிதங்களை மருந்தில்லாத பொருளில் அளந்து 98 விழுக்காடு என்று எழுதுவதில் பொருளில்லை. மருந்தோடும், சேமிப்புக் காலம் முடிந்த பின்பும் அளந்த எண்ணே பயனுள்ளது. வடிவத்துக்கு ஒரு பகுதி, மருந்துக்கு ஒரு பகுதி என்று வேலையைப் பிரித்துவிடுவதே இந்தச் சிக்கலிலிருந்து தப்பும் நேர்மையான வழி.

16. எந்த மருந்தையும் இப்படி வாரம் ஒருமுறை கொடுத்துவிடலாமா?

முடியாது, எளிய கணக்கு ஒன்று அதைத் தடுக்கிறது. மனிதர்கள் விழுங்கும் கேப்சூல்களில் பெரியதான 000 அளவின் கொள்ளளவு சுமார் 1.37 மில்லிலிட்டர், அதற்கடுத்த 00 அளவில் ஏறத்தாழ 0.9 மில்லிலிட்டர். கருவியும் மருந்தும் இதற்குள் அடங்க வேண்டும். தினமும் 5 மில்லிகிராம் தேவைப்படும் மருந்துக்கு வாரத்துக்கு 35 மில்லிகிராம், தாராளமாக இடமுண்டு. தினமும் 1,000 மில்லிகிராம் தேவைப்படும் மெட்ஃபார்மினுக்கு வாரத்துக்கு 7 கிராம். எந்தப் பாலிமர் வித்தையும் அதை உள்ளே அடைக்காது. 5ஆம் விடையில் சொன்ன குழாய்வழிக் கருவி பிறந்ததும் இதனால்தான்.

அளவு சிறிதாயிருப்பதோடு, உடல் வெப்பத்திலும் அமில ஈரத்திலும் ஒரு வாரம் கெடாமல் இருப்பது, அளவு சற்றே கூடினாலும் தீங்கு செய்யாதது ஆகிய இரண்டும் தேவை. மூன்றும் பொருந்தும் மருந்துகள் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

17. இன்சுலினை இப்படிக் கொடுக்க முடியுமா?

தங்கியிருந்து மெல்ல வெளியிடும் கருவியாக முடியாது. புரதத்தை இரைப்பை செரித்துவிடும். ஊசியைக் குத்தும் விழுங்கு கருவிகள் வேறு வகை. 2019ல் வெளியான ஒன்று, ஆமையோட்டின் வடிவத்தைப் பின்பற்றி, எப்படி விழுந்தாலும் நிமிர்ந்து நின்று, சர்க்கரைத் துண்டால் பிடிக்கப்பட்ட சுருள்வில்லை அது கரைந்ததும் விடுவித்து, உலர் இன்சுலின் முனையை இரைப்பைச் சுவரில் செலுத்தியது. அதே ஆண்டில் வெளியான இன்னொன்று சிறுகுடலில் விரியும் மூன்று கைகளால் கரையும் நுண்ணூசிகளைச் சுவரில் பதித்தது. இரண்டும் பன்றிகளில் காட்டப்பட்டவை. இரண்டிலும் விசையைத் தந்தது வடிவ நினைவுப் பாலிமர் அன்று. கணத்தில் குத்த வேண்டிய வேலைக்கு மெதுவாக விரியும் பாலிமர் பொருந்தாது என்பதை இது தெளிவாகவே சொல்கிறது.

18. பக்கவிளைவு வந்துவிட்டது, உடனே மருந்தை நிறுத்த வேண்டும். உள்ளே இருக்கும் கருவியை என்ன செய்வது?

வாய்வழியே செலுத்தும் கேமராக் குழாயான எண்டோஸ்கோப் மூலம் எடுப்பது இன்றைக்கு உறுதியான வழி. அது எப்போதும் எல்லோருக்கும் கிடைப்பதன்று என்பதால், தூண்டினால் அவிழும் மூட்டுகளை ஆராய்கிறார்கள். 2017ல் ஓர் ஆய்வு, குறிப்பிட்ட வேதிக்கரைசல் பட்டால் கலைந்துவிடும் உறுதியான நீர்க்கூழைக் காட்டியது. 2019ல் மற்றோர் ஆய்வு, சுமார் 55 பாகை சூடான திரவம் பட்டால் தளரும் கருவியைக் காட்டியது. பின்னதில் வடிவ நினைவின் தத்துவம் தலைகீழாகப் பயன்படுகிறது என்பது எனக்குப் பிடித்த அம்சம்: வடிவ நினைவுப் பொருள் விரிய உதவும் வெப்ப உணர்வு இங்கே வெளியேற உதவுகிறது. ஆனால் அவ்வளவு சூட்டை உணவுக்குழாய் தாங்க வேண்டும். பழக்கத்தால் சூடான பானம் குடிப்பவரின் கருவி தவறுதலாக அவிழவும் கூடாது.

19. யார் யார் இதைத் தவிர்க்க வேண்டும்?

உணவுப் பாதையில் எங்கேனும் குறுக்கம் உள்ளவர்கள், க்ரோன் என்ற நாட்பட்ட குடல் அழற்சி நோயுள்ளவர்கள், இரைப்பையிலோ குடலிலோ அறுவை செய்துகொண்டவர்கள், இரைப்பை மெதுவாகக் காலியாகும் குறைபாடுள்ளவர்கள், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் ஆகியோருக்கு அபாயம் மிகுதி. காந்த ஒத்திசைவுப் படம் எடுப்பதற்குப் பாலிமர் தடையன்று. உலோக உறுப்பு ஏதும் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

20. பன்றியில் 14 நாள் தங்கியது என்றால் மனிதரிலும் தங்கும்தானே?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. பன்றியின் இரைப்பை அளவில் மனித இரைப்பையை ஒத்திருந்தாலும், கரையாத பெரிய பொருட்களை அது மனிதரைவிட மிக மெதுவாகவே வெளியேற்றுகிறது. சாதாரண மாத்திரை கூட அங்கே நாட்கணக்கில் கிடப்பதுண்டு. ஆகவே பன்றி ஆய்வு, கருவி வயிற்றைப் புண்ணாக்கவில்லை என்பதற்கும் மருந்து தொடர்ந்து வெளிவந்தது என்பதற்கும் நல்ல சான்று. தங்கும் காலத்துக்கு நல்ல சான்று அன்று. ஆய்வகத்தில் பிஎச் 1.2 கொண்ட செயற்கை இரைப்பைச் சாற்றில் வைத்துப் பார்ப்பதும் இப்படித்தான்: வேதிச் சிதைவு தெரியும், கசக்கலால் வரும் தளர்ச்சி தெரியாது. சாற்றில் ஊறியிருக்கும்போதே ஆயிரக்கணக்கான முறை அழுத்தி விடுவிக்கும் சோதனையே மூட்டின் உண்மை ஆயுளைக் காட்டும்.

21. நான்கு பரிமாண அச்சு என்கிறார்களே, அது வேறு தொழில்நுட்பமா?

முப்பரிமாண அச்சில் வடிவ நினைவுப் பொருளை இட்டு, அச்சிட்ட உருவம் காலப்போக்கில் உருமாறுமாறு செய்வதற்கு வைத்த பெயர். காலமே நான்காவது பரிமாணம். முன்மாதிரிகளுக்கு மிகவும் ஏற்றது. 10ஆம் விடையில் சொன்ன மிலான் முன்மாதிரிகளும் இந்த வழியில் வந்தவையே. இலட்சக்கணக்கில் செய்ய வார்ப்பும் பிதுக்கலுமே மலிவு; எந்த வழியானாலும் உருகுவெப்பத்தில் மருந்து கெடாமலிருக்க வேண்டும் என்பது பொது நிபந்தனை.

22. இது இப்போது எந்த நிலையில் இருக்கிறது? மருத்துவர் எழுதித் தருவாரா?

இரைப்பையில் தங்கும் மீள்தன்மைக் கருவிகள் வெகுதூரம் வந்துவிட்டன. 2ஆம் விடையில் சொன்ன நட்சத்திர வடிவத்தின் வழிவந்த, வாரம் ஒருமுறை விழுங்கும், மனநோய் மருந்தான ரிஸ்பெரிடோன் கேப்சூலின் மூன்றாம் கட்ட மனித ஆய்வு முடிவுகள் 2025ல் வெளியாயின. வடிவ நினைவைக் கறாரான பொருளில் பயன்படுத்தும் சிதைவுறும் வாய்வழிக் கருவிகளோ பெரும்பாலும் ஆய்வக மேசையிலும் விலங்குச் சோதனையிலும் நிற்கின்றன. ஒழுங்குமுறை அமைப்புகள் இவற்றை மருந்தும் கருவியும் சேர்ந்த கூட்டுப் பொருளாகப் பார்ப்பதால், பாலிமரின் தூய்மை, மருந்தின் நிலைத்தன்மை, மூட்டின் எந்திர ஆயுள் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே சான்று தர வேண்டியிருக்கிறது. முதல் இரண்டுக்கும் பழகிய சோதனை முறைகள் உண்டு. மூன்றாவதற்கு ஒவ்வோர் ஆய்வுக் குழுவும் தன் சொந்த முறையை வைத்திருப்பதால், ஒருவருடைய எண்ணை மற்றவருடைய எண்ணோடு ஒப்பிடுவதே இன்னும் இயலாமல் இருக்கிறது.